ஒரு காணிக்கு எத்தனை தாள்?

"வலயம்" என்ற சொல்லை எங்கடை சனத்துக்கு முன்னால் சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. வன்னியில் அந்தச் சொல்லுக்கு ஒரு பாரம் இருக்கிறது. 2009இல் "பாதுகாப்பு வலயம்" என்று ஒரு கோட்டைக் கீறி அதற்குள்ளே போகச் சொன்னார்கள். போனோம். அந்தக் கோட்டுக்குள்ளே யார் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். பிறகு "உயர் பாதுகாப்பு வலயம்" என்றொன்று. சொந்தக் காணியை முள்ளுக்கம்பிக்கு வெளியே நின்று பார்க்க வைத்த வலயம் அது. அதனால்தான் போன ஆடி மாதம் என் அறைக்கு வந்த ஒரு அம்மாவிடம், "காணி எந்த வலயத்துக்குள்ளை வருதெண்டு பாத்தனீங்களோ?" என்று நான் கேட்டவுடன் அவர் முகம் இருண்டு போனது.

"ஏன் பிள்ளை, திரும்ப எடுக்கப் போறாங்களோ?"

இல்லையம்மா, இது வேறை வலயம் என்று விளங்கப்படுத்த அரைமணித்தியாலம் பிடித்தது. அந்த அரைமணித்தியாலத்தைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மாதத்தில் நாலைந்து பேருக்கு இதே கதையைச் சொல்கிறேன். அனேகமாக அவர்கள் காசைக் கொடுத்து உறுதியை முடித்துவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். காணி பார்க்கப் போகும் முதல் நாளே இது தெரிந்திருந்தால் எவ்வளவு நல்லது என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்ளும்.

நான் வட்டக்கச்சி. கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் வீட்டுப் படம் கீறிக் கொடுக்கிறேன். "படம் கீறிற பிள்ளை" என்றால் அந்தப் பக்கத்தில் தெரியும். இப்போது எல்லாம் கணினியில்தான் என்றாலும், மூலையில் நானே செய்த ஒரு மேசை நிற்கிறது. பழைய யன்னல் கண்ணாடிக்குச் சட்டம் அடித்து, கீழே ரியூப் லைற் பூட்டிய மேசை. ஒரு விதிக்கு ஒரு தாள் என்று அதில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எல்லாக் கோடும் ஒன்றாகத் தெரியும். காணிக்காரருக்கு விளங்கப்படுத்த அதைப்போல ஒரு சாமான் இல்லை.

அந்த அம்மா ஒரு பொலித்தீன் பைக்குள் உறுதியையும் நில அளவைப் படத்தையும் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். கால் ஏக்கர், உறுதிக் காணி. மகன் பிரான்சிலிருந்து அனுப்பிய காசு. வைகாசியில் பார்த்து, ஆனியில் எழுதியிருக்கிறார்கள். மூன்று அறை, முன்னுக்கு ஒரு விறாந்தை, பின்னுக்குக் குசினி, பக்கத்தில் மிளகாயும் மாவும் அரைக்கிற ஒரு சின்ன மில். "குளம் கிட்ட இருக்குது பிள்ளை, கிணத்துக்குத் தண்ணி வத்தாது" என்று அவர் சந்தோசமாகச் சொன்னார். அந்தக் குளத்தைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அடித்தாளை, அதாவது வலயத்தைப் பார்ப்போம். நகரத் திட்டமிடலில் வலயம் என்பது, ஊரின் நிலத்தைப் பயன்பாட்டுப்படி பிரித்து வைப்பது. இது குடியிருப்பு, இது வர்த்தகம், இது கைத்தொழில், இது விவசாயம் என்று வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். அந்த நிறத்துக்குள்ளே எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, எதைக் கேட்டுச் செய்யலாம் என்று ஒரு பட்டியல் இருக்கும். எவ்வளவு உயரத்துக்குக் கட்டலாம், நிலத்தில் எத்தனை வீதத்தை மூடலாம், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதும் அதோடு வரும். அமெரிக்காவில் ஒரு நகரம் முழுவதற்கும் இப்படி விதி செய்தது நியூயோர்க், 1916இல். அதற்கு முதல் வருடம் மான்ஹற்றனில் ஈக்குவிற்றபிள் என்ற கட்டடம் தெருவோரத்திலிருந்து நேரே மேலே எழும்பி, சுற்றியிருந்த தெருக்களின் வெளிச்சத்தை மறித்துவிட்டது. அந்த நிழலில் நின்றவர்களின் கோபமும் சேர்ந்துதான் சட்டமாயிற்று. பத்து வருடத்தால், 1926இல், ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட வலய விதியை ஒரு காணிக் கம்பனி எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. விதி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் சதர்லாந்து ஒரு உதாரணம் காட்டினார்: பன்றி பட்டியில் நின்றால் யாருக்கும் தொல்லையில்லை, வரவேற்பறைக்குள் வந்து நின்றால்தான் தொல்லை.

மில்லுக்கும் அதுதான் கதை என்று அம்மாவுக்குச் சொன்னேன். மா அரைக்கிறது நல்ல தொழில். ஆனால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை படுத்திருக்கும் யன்னலுக்கு நேரே மோட்டரும் மிளகாய்த் தூளும் என்றால் அது வேறு. அதனால்தான் மில்லுக்குக் கட்டட அனுமதி மட்டும் போதாது, சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் கேட்பார்கள்.

எங்கள் நாட்டிலும் இது புதிய விசயமில்லை. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம் இன்னமும் எடுத்துக் காட்டப்படுகிறது. 1946இல் நகர, நாட்டுத் திட்டமிடல் கட்டளைச்சட்டம் வந்தது. 1978இல் 41ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. அமைச்சர் வர்த்தமானியில் பிரகடனப்படுத்திய இடங்களில் அந்த அதிகாரசபையின் விதி நடக்கும். கையில் படத்தை வாங்கி அனுமதி கொடுப்பது அனேகமாக உள்ளூராட்சிச் சபைதான். கிளிநொச்சி நகரத்துக்கு நகரசபை கிடையாது, கரைச்சிப் பிரதேச சபைதான். எங்கள் சனத்துக்கு இந்தத் தாள் ஓரளவு பழக்கம். குடியிருப்புத் துண்டு 150 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச். சாதாரண வீட்டுக்குப் பின்பக்கம் 2.3 மீற்றர் வெறுமையாக விட வேண்டும். மேசன்மாருக்கே இதெல்லாம் மனப்பாடம்.

சிக்கல் மேல்தாள்களில்தான். இவற்றை மேலடுக்கு என்று சொல்வார்கள். அடியிலுள்ள வலயம் அப்படியே இருக்கும். அதற்கு மேலே இன்னொரு காரணத்துக்காக இன்னொரு கோடு வரும். வெள்ளம், கடற்கரை, காடு, பழைய சின்னம், மின்சார லைன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்தக் கோடு வலய எல்லையையும் பார்க்காது, உங்கள் வேலியையும் பார்க்காது. குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒரே காணியின் ஒரு மூலை உள்ளுக்கும் மூன்று மூலை வெளியிலும் நிற்கும். இரண்டு விதி ஒரே இடத்தில் விழுந்தால் கடுமையானதைத்தான் நீங்கள் காக்க வேண்டும். வலயத்தில் வீடு கட்டலாம் என்று இருப்பது மேலடுக்கு போட்ட நிபந்தனையை அழித்துவிடாது.

ரியூப் லைற்றைப் போட்டு, அம்மாவின் நில அளவைப் படத்தைக் கண்ணாடியில் விரித்தேன். அதற்கு மேலே ஒவ்வொன்றாக எண்ணெய்த் தாளை வைக்கத் தொடங்கினேன்.

முதலாவது வீதி. காணி நிற்பது பிரதேச சபை வீதியில், ஆகவே தெருக்கோடும் கட்டடக்கோடும் சபையில் கேட்டு எடுக்கலாம். ஏ9 ஓரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம் போக வேண்டும். ஏ9 அகலித்தபோது படிக்கட்டையும் முன்மதிலையும் இழந்த கடைக்காரரைக் கேட்டால் அந்தக் கோட்டின் அருமையைச் சொல்லுவார்கள்.

இரண்டாவது குளம். இதில் நிற்க வேண்டும், ஏனென்றால் வன்னியில் குளந்தான் எல்லாம். வெளியூர் ஆக்கள் குளம் என்றால் கட்டோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். கட்டுக்கு முன்னால் வயல்வெளி, பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் அலைகரை. அலைகரை என்பது கோடையில் மாடு மேயும் புல்வெளி, மாரியில் குளத்தின் வயிறு. வைகாசியில் போய்ப் பார்த்தால் அறுகம்புல்லும் நாலு மருதமரமும் நிற்கும் அழகான தரை. மார்கழியில் அதே மருதமரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். உயர் வெள்ள மட்டம் என்று ஒரு கோடு இருக்கிறது. குளம் நிரம்பி வான் பாயும்போது தண்ணீர் எதுவரை ஏறுமோ அதுதான். அதற்கு வெளியேயும் ஒரு ஒதுக்கம் உண்டு. அதற்குள் நிலையான கட்டடம் கூடாது. காணி உறுதியில் உங்கள் பெயர் இருப்பதும் தண்ணீருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கனபேருக்குத் தெரியாமல் அலைய வைக்கிற விசயம். குளத்தின் அளவைப் பொறுத்துத்தான் எந்தக் கந்தோர் என்பது. 80 ஹெக்ரேயருக்கு மேல் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். அதற்குக் கீழ்ப்பட்ட சின்னக் குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதாவது உங்கள் கமநல சேவை நிலையம். இரணைமடுவுக்கு ஒரு படலை, உங்கள் ஊர்ச் சின்னக் குளத்துக்கு வேறொரு படலை. பிழையான படலையில் போய் நின்றால் "எங்கடை இல்லை" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலைக் கேட்டு, அப்படியானால் தடை எதுவும் இல்லை என்று நினைத்து வீடு கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது வயல். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி வயற்காணியை நிரவிக் கட்டடம் போட ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். உங்கள் சொந்த உறுதி வயலென்றாலும் அப்படித்தான். ஆனால் இரவில் ரிப்பர் வந்து கிறவல் கொட்டிவிட்டுப் போகிறது. காலையில் பார்த்தால் வயலின் நடுவே சிவப்பாக ஒரு திட்டி. ஒரு வயலை நிரவினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும், அதை நிரவினால் தெருவுக்கு வரும். 2018 மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் எங்கெங்கே ஏறியது என்று யோசித்துப் பார்த்தால் இந்தத் தாள் ஏன் இருக்கிறது என்று விளங்கும்.

அம்மாவின் காணிக்கு இந்த மூன்றும் போதும். ஆனால் வன்னி முழுவதற்கும் என்றால் கண்ணாடியில் இடம் காணாது. முல்லைத்தீவுக் கரையில் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள்ளே எந்த அபிவிருத்திக்கும் தனி அனுமதி. 2004 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் 200 மீற்றர், தெற்கில் 100 மீற்றர் என்று ஒரு விலகல் எல்லை சொன்னார்கள். எங்கடை கரைக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு என்று அப்போது மீனவர்கள் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நியாயமாகத்தான் படுகிறது. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயம், 2015இல் தேசிய பூங்கா. பூங்காவானால் எல்லையோடு நின்றுவிடாது. வனசீவராசிகள் சட்டத்தின்படி எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் கட்டுமான வேலை செய்யப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். பூங்காவைக் கண்ணாலும் காணாத வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மைல் தலைக்கு மேலே நிற்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஊடாகச் சுன்னாகம் போகும் 132 கிலோவோல்ற் லைனுக்குக் கீழே போனால் அது இன்னொரு தாள்.

காட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னர் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்காகக் காணி பார்க்கப் போனேன். கையில் இருந்த வரைபடத்தில் அந்த இடம் முழுக்கப் பச்சை, ஒதுக்குக் காடு. உள்ளே போனால் பாலையும் வீரையும் நாயுண்ணிப் பற்றையும்தான், கையை மறைக்கும் பற்றை. ஐம்பது யார் போயிருப்போம். அந்த வீட்டு ஐயா நின்று, காலால் சருகைத் தள்ளினார். கிணற்றுக் கட்டு. உள்ளே பாதி தூர்ந்து, வட்டம் மட்டும் குலையாமல் இருந்தது. கட்டின் சீமெந்தில் யாரோ ஈரமாக இருக்கும்போது ஈர்க்கால் எழுதிய வருடம், 1979. பக்கத்தில் ஒரு தேசிமரம், காய்த்து உதிர்ந்திருந்தது. ஐயா ஒரு காயை எடுத்து மணந்து பார்த்துவிட்டுச் சாரத்து மடிப்பில் செருகிக்கொண்டார்.

இடம்பெயர்ந்து வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்த நிலம் காடாகத்தான் போகும். மேலேயிருந்து எடுத்த படத்தில் அது காடுதான், அதில் பொய்யில்லை. ஆனால் கிணறும் அத்திவாரமும் தேசிமரமும் மேலேயிருந்து தெரிவதில்லை. காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காடு போனால் குளத்துக்கு நீர் வருவதும் போகும், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலடுக்கைக் கீறும் நாளில் அந்த நிலத்தின் ஆட்கள் முகாமில் இருந்தார்கள் என்றால், அவர்களைக் கேட்காமல் கீறிய கோட்டைத் திரும்ப ஒருமுறை நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும். அதைத்தான் கேட்கிறேன். ஐயாவின் விண்ணப்பம் இன்னும் கோப்பில் இருக்கிறது.

இனி என்னுடைய பிழை. இதை எழுதாமல் மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமையில்லை.

2013. தொழில் தொடங்கி இரண்டாவது வருடம். வாய்க்கால் ஓரத்தில் ஒரு குடும்பம், வீட்டுத்திட்டக் காசோடு கைக்காசையும் போட்டுக் கட்டினார்கள். நில அளவைப் படத்தில் வாய்க்கால் ஒரு மெல்லிய கோடு. நான் ஒரு கந்தோரில் போய்க் கேட்டேன். "வாய்க்காலுக்குத் தள்ளிக் கட்டினால் சரி" என்றார்கள். எத்தனை மீற்றர் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை. கோட்டுக்கு வெளியே வீட்டைக் கீறிக் கொடுத்தேன். வாய்க்காலுக்கு இரு பக்கமும் அணையும், துப்புரவு செய்யப் பாதையும் சேர்த்து ஒரு ஒதுக்கம் உண்டு என்பது என் படத்தில் இல்லை. லிண்டல் மட்டம் வந்தபோது அளக்க ஆள் வந்தது. ரேப் பிடித்தார்கள். பின்சுவரும் குசினியும் ஒன்றரை மீற்றர் உள்ளே.

அடுத்த கட்டக் காசு நின்றது. நான் போனபோது அந்த அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, கணவனும் அவவுமாகக் குசினிச் சுவரைக் கல் கல்லாகக் கழற்றத் தொடங்கினார்கள். சீமெந்துக்கல் உடையாமல் எடுத்தால்தானே திரும்பக் கட்டலாம். ஒவ்வொரு கல்லிலும் ஒட்டியிருந்த சாந்தைப் பழைய கத்தியால் சுரண்டி, எண்ணி அடுக்கினார்கள். நானும் இருந்து சுரண்டினேன். அன்று பின்னேரம் வரைக்கும் நூற்றுப்பத்துக் கல். படத்தைத் திரும்பக் கீறிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர்களுக்குப் போன எட்டு மாதத்தை அது திருப்பித் தராது. அந்தக் கத்தி சீமெந்தில் சுரண்டும் சத்தம் இன்னும் சில நேரம் காதில் கேட்கும்.

அதற்குப் பிறகு மேல்தாள் எல்லாம் கைக்கு வரும் வரை நான் பென்சிலைத் தொடுவதில்லை.

யோசித்துப் பார்த்தால் எங்கள் சனம் ஒரு மேலடுக்கை ஒருபோதும் பிழை விடாமல் மதித்தது. மிதிவெடி. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது வெடி அகற்றாத நிலத்தின் எல்லையில் சிவப்புத் தலை அடித்த தடிகளும் மண்டையோடு கீறிய பலகைகளும் நின்றன. எழுத்துத் தெரியாத ஆச்சிக்கும் தெரிந்தது, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்தது. மாடு அந்தப் பக்கம் போனால் கூப்பிட்டுப் பார்த்தார்களே ஒழிய, கோட்டைத் தாண்டவில்லை. முகமாலையில் அந்தப் பலகைகள் எவ்வளவு காலம் நின்றன என்று ஏ9இல் போய் வந்தவர்களுக்குத் தெரியும். உயிர்ப்பயம் ஒரு காரணம், சரி. ஆனால் இன்னொரு காரணம், அந்தக் கோடு கந்தோரின் அலுமாரிக்குள் இருக்கவில்லை, மண்ணில் நின்றது. ஒதுக்கக் கோடும் அதேபோல மண்ணில் நிற்கட்டுமே. குளத்து அலைகரையில் வர்ணம் அடித்த நாலு கல்லு, "இதற்கு மேல் கட்டக் கூடாது" என்று தமிழில் ஒரு பலகை, கிராம அலுவலர் கந்தோர்ச் சுவரில் அந்தப் பிரிவின் எல்லாத் தாளும் சேர்ந்த ஒரு வரைபடம். இவ்வளவுதான் நான் கேட்பது. இதற்குப் பெரிய காசு வேண்டியதில்லை.

பெரியம்மாவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இறக்கலாமா என்று பார்க்கப் போனவர், வாட்ஸப்பில் எனக்குத் திரையைக் காட்டினார். ரொறன்ரோ நகரத்தின் வலய விதி, 569-2013 இலக்கம். வீட்டு முகவரியை அடித்தவுடன் அவருடைய துண்டு திரையில் வந்து நின்றது. அடியில் குடியிருப்பு வலயத்தின் நிறம். உயரத்துக்கு ஒரு மேலடுக்கு, நிலத்தை எத்தனை வீதம் மூடலாம் என்பதற்கு இன்னொரு மேலடுக்கு, ஒவ்வொன்றையும் தட்டத் தட்டத் திறந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தாக்கு ஓடை இருப்பதால் அதற்கான பாதுகாப்பு விதியும் உண்டு, ஒரு மரம் தறிப்பதென்றாலும் அனுமதி வேண்டுமாம். அண்ணாவுக்கு அதில் எரிச்சல். "என்ரை வளவு மரத்தைத் தறிக்க இவங்களைக் கேக்கோணுமோ?" என்றார். எனக்கோ பொறாமையாக இருந்தது. அவருக்குத் தடை இருக்கிறது, ஆனால் அந்தத் தடை அவர் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே தெரிகிறது. இங்கே ஏழு கந்தோரில் ஏழு தாள், ஒன்றன்மேல் ஒன்றாக யாரும் வைத்துப் பார்த்ததில்லை. வைத்துப் பார்ப்பது கடைசியில் என் யன்னல் கண்ணாடி மேசையில்தான்.

அம்மாவோடு காணிக்குப் போனேன். அவரிடம் இருந்தது கோடைக் காணி, நான் மாரிக் காணியைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆடியில் மாரியைப் பார்க்க முடியாது, ஆனால் தடம் இருக்கும். வேலிக் கதியால்களில் ஒரே மட்டத்தில் சேற்று நிறம் ஏறியிருந்தது. பற்றையில் காய்ந்த பாசி, தலைமயிர்போல. பக்கத்து வளவுப் பழைய சுவரில் முழங்காலுக்கு மேலே ஒரு மங்கல் கோடு. மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு அப்புவைக் கேட்டோம்.

"தண்ணி எதுவரைக்கும் வரும் அப்பு?"

அவர் கேட்டி நுனியால் நிலத்தில் ஒரு கோடு இழுத்தார், யோசிக்கவே இல்லை. "இதுவரைக்கும் ஒவ்வொரு வருசமும். வான் பாஞ்சா உந்த ஆத்திமரத்தடி வரைக்கும்."

கமநல சேவை நிலையத்தில் எடுத்த மட்டத்தோடு பிறகு ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்புவின் கேட்டிக் கோடும் அந்தக் கோடும் ஒரு எட்டுத்தான் வித்தியாசம்.

கால் ஏக்கரில் ஏறத்தாழப் பாதி ஆத்திமரத்துக்குக் கீழே. மேல் மூலையில் வீட்டுக்கு இடம் இருக்கிறது, அதில் குறையில்லை. மில்லுக்கு இடமில்லை, அதை அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்துதான் விட்டார். குசினியை முன்பக்கம் திருப்பி, விறாந்தையைக் குளத்தைப் பார்க்க வைத்துக் கீறினேன். கக்கூஸ் குழியையும் கிணற்றையும் எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில்தான் மூன்று நாள் போனது. கீழ்ப்பாதியில் மாட்டுக்குப் புல் வளர்க்கப் போகிறாராம்.

காணி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உறுதியைச் சட்டத்தரணி பார்க்கட்டும், அது வேறு வேலை. நீங்கள் மழைக்காலத்தில் ஒருமுறை போய் அந்த நிலத்தில் நில்லுங்கோ. கமக்கார அமைப்பில் ஒரு மூத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. முற்பணம் கொடுக்க முதல் சபையிலும் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியிலும் கமநல சேவை நிலையத்திலும் தனித்தனியே கேளுங்கோ. "சரி" என்று வாயால் சொன்னால், எத்தனை மீற்றர் என்று கேளுங்கோ. எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கோ. நான் 2013இல் கேட்காத கேள்வி அது.

அம்மாவின் படம் இப்போது சபையில். போன கிழமை வழியில் கண்டபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"மழைக்கு முதல் அத்திவாரம் வெட்டிடலாமோ பிள்ளை?"

"அனுமதி கையிலை வரட்டும் அம்மா. அதுவரைக்கும் ஆத்திமரத்தடியிலை ஒரு கல்லை மட்டும் நட்டு வையுங்கோ."

நட்டுவிட்டாராம். சிவப்பு வர்ணமும் அடித்தாராம்.